கத்தாத குட்டி

சங்கரன்கோவிலில் மடியில் வைத்துக் கொஞ்ச ஒரு நாய் வேண்டும் என்று யாரிடமாவது சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு சிப்பிப்பாறைக் குட்டி எங்கே கிடைக்கும் என்று வழி சொல்வார்கள். மளிகைக்கடை அண்ணாச்சியிடம் வாயை விட்டேன், இரண்டும் நடந்தது. "நாயின்னா ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை. மத்ததெல்லாம் பொம்மைல்லா டீச்சர்" என்றார். நான் டீச்சர் இல்லை. புளியங்குடியில் ஒரு அலுவலகத்தில் எழுத்தர். ஆனால் கைப்பையோடு காலையில் பஸ் ஏறுகிற பெண்கள் எல்லோருமே அண்ணாச்சிக்கு டீச்சர்தான். பல வருடம் திருத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிட்டேன்.

நாய் எனக்காக இல்லை, அக்காவுக்காக. அவளும் அத்தானும் பனவடலிசத்திரம் பக்கத்துக் காடுகளில் ஆட்டுக்கிடை போட்டு வாழ்ந்தவர்கள். எங்கள் வீட்டில் படித்து வேலைக்குப் போனது நான், ஆடுகளோடு நின்றது அவள். அத்தான் இறந்த பிறகு ஆடுகளை விற்றார்கள். மகன் அவளைச் சென்னைக்குக் கூட்டிப்போனான். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாள். "கதவத் தொறந்தா எதுத்தாப்புல இன்னொரு கதவுட்டி. அதுவும் பூட்டியே கெடக்கு" என்றாள். அப்புறம் என்னோடு இருக்கட்டும் என்று முடிவாயிற்று. நான் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். டவுனுக்கு வெளியே சொந்த வீடு, பின்னால் கொஞ்சம் காலி இடம், ஒரு வேம்பு, ஒரு பிச்சிக்கொடி, மதில் ஓரத்தில் ஒரு புற்று. வீடு கட்டும்போதே அந்தப் புற்று இருந்தது. இந்த ஊரில் புற்றை இடிக்கிற கொத்தனார் கிடையாது. மதிலைத்தான் தள்ளிக் கட்டினார்கள்.

வந்த பிறகுதான் தெரிந்தது, அக்காவுக்குப் பகலில் தனியாக இருக்க முடியவில்லை. வெட்டவெளியில் வானத்தைப் பார்த்துப் படுத்தவள், சிமெண்டு வீட்டுக்குள் பயந்துகொண்டு கிடந்தாள். நான் கிளம்பியதும் முன்கதவு, பின்கதவு இரண்டையும் தாழ்போட்டுவிடுவாள். ஜன்னலும் திறக்க மாட்டாள். நான் மேஜையில் கோப்பை விரிக்கும்போது போன் வரும். "ஒண்ணுமில்ல, சும்மாத்தான்" என்பாள். இன்னொரு கோப்பை விரித்தால் இன்னொரு போன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மதியம் சாப்பிட மாட்டாள். நான் வடித்துவைத்துவிட்டுப் போன சோறு சாயந்தரம் அப்படியே இருக்கும், மேலே ஒரு பருக்கை கலைந்திருக்காது. கேட்டால், "ஒத்தைல எப்படிட்டி திங்க?" என்பாள். கிடையில் அவள் ஒருநாளும் தனியாகச் சாப்பிட்டதில்லை. ஆள் யாரும் இல்லாவிட்டால் நாயாவது எதிரே நின்றிருக்கும்.

அவளுடைய ரவிக்கைகள் தொளதொளவென்று ஆயின. மகன் வீடியோ காலில் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "சித்தி, அம்மா ரொம்ப மெலிஞ்சிட்டா. நீங்க வேலைக்குப் போயிருதீங்க. இங்கன பிள்ளைகளாவது இருக்கு. நான் வந்து கூட்டிட்டுப் போயிருதேன்." அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஊர்க் கோயில் திருவிழாவான ஆடித்தபசு பார்க்காமல் வரமாட்டேன் என்று அக்கா பிடிவாதம் பிடித்ததால், தபசு முடிந்ததும் வருகிறேன் என்று போனை வைத்தான்.

எனக்கு அவள் போவதில் சம்மதமில்லை. அவளுக்காக என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்காக. சாயந்தரம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போது உள்ளே விளக்கு எரிகிற வீடு எனக்கு இத்தனை வயதில்தான் வாய்த்தது. அதை இழக்க எனக்கு மனசில்லை.

அதனால் நாய். வீட்டுக்குள் இருக்கிற, பகல் முழுதும் அவள் காலடியில் கிடக்கிற, சின்ன நாய். அக்காவிடம் சொன்னபோது முகத்தைச் சுளித்தாள். "வீட்டுக்குள்ள நாயா? அது படுக்க, நாம எங்கன படுக்க?" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம்.

ஒரு மாதம் பஸ்ஸில் போகவர வீடியோ பார்த்தேன். நாய்களைப் பற்றிப் பேச தமிழ்நாட்டில் இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை. கூட வேலை பார்க்கிற ஒருவர் வீட்டில் பக் நாய் இருந்தது. போய்ப் பார்த்தேன். சித்திரை வெயிலில் ஃபேனுக்கு நேர் கீழே படுத்து மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தது. மூக்கே இல்லாத பிராணியை நம் வெயிலுக்குக் கொண்டுவருவது பாவம் என்று திரும்பிவிட்டேன். பொமரேனியன் குரைக்கும், காக்கா பறந்தாலும் குரைக்கும், எங்கோ குக்கர் விசில் அடித்தாலும் குரைக்கும். பயந்துபோயிருக்கிறவளுக்கு அது ஆகாது. ஷிட்ஸூ மடியைவிட்டு இறங்காது என்றார்கள். அதன் முடியைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது. ஆட்டு ரோமம் கத்தரித்த கையால் அக்கா ஒரே நாளில் அதை மொட்டையடித்துவிடுவாள். கடைசியில் டாஷ் நாய் என்று முடிவு செய்தேன். நீள உடம்பு, குட்டைக் கால், ஒட்டின முடி, குளிப்பாட்ட ஒரு வாளித் தண்ணீர் போதும். வீட்டு ஆட்களோடு ஒட்டிக்கொள்ளும் என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். எதற்காக இந்தச் சாதியை உண்டாக்கினார்கள் என்று ஒருவர் தொடக்கத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். அதைத் தள்ளிவிட்டுச் சாப்பாட்டுப் பகுதிக்குப் போனேன். நாய் வாங்குகிறவர்கள் எல்லோருமே அதைத்தான் செய்கிறோம் என்று நினைக்கிறேன்.

வாசுதேவநல்லூரில் ஒரு வீட்டில் குட்டி போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி. காப்பி கொடுத்து, முற்றத்தில் துணி விரித்து, மூன்று குட்டிகளைக் கொண்டுவந்து விட்டார். மூன்றும் செம்பழுப்பு. ஒன்று அவர் புடவைக்குள் புகுந்துகொண்டது. ஒன்று நேராக அக்காவிடம் வந்து கையை நக்கியது. எனக்குப் பார்த்ததுமே பிடித்துப்போனது, இதுதான் என்று மனதில் குறித்துக்கொண்டேன். மூன்றாவது எங்கள் யாரையும் சட்டை செய்யாமல் துணியின் மூலையைக் கிழித்துக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா காரியத்தில் இறங்கிவிட்டாள். எங்கள் பக்கத்தில் கிடைக்கு நாய் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. குட்டியின் பிடரித் தோலைப் பிடித்து அந்தரத்தில் தூக்க வேண்டும். கத்துகிற குட்டி கிடைக்கு உதவாது, முனகுகிறது சோற்றுக்கு வந்தது, சத்தம் போடாமல் தொங்குகிறதே அதுதான் நாய். அக்கா முதல் குட்டியைத் தூக்கினாள். அது தெருவுக்கே கேட்கிற மாதிரி வீறிட்டது. வீட்டுக்காரம்மா பதறி, "ஐயோ, வலிக்கும்மா, வலிக்கும்மா!" என்று கையைப் பிடித்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையை நக்கிய குட்டியைத் தூக்கினாள். அது முனகியது, தொங்கிக்கொண்டே அவள் மணிக்கட்டை நக்கப் பார்த்தது. "சவம்" என்று இறக்கிவிட்டாள். மூன்றாவதைத் தூக்கினாள். அது கத்தவில்லை, முனகவில்லை. நாலு குட்டைக் காலும் தொங்க, அக்காவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது.

"இதுதான்ட்டி நாயி" என்றாள்.

"அக்கா, நாம கிடைக்கா எடுக்கோம்? மடியில வச்சுக்கிட. அந்த நக்குததப் பாரு, எவ்வளவு பாசமா இருக்கு."

"எல்லாரையும் நக்குததுக்குப் பேரு பாசமா? போட்டி."

வீட்டுக்காரம்மாவின் எதிரில் எவ்வளவு சண்டை போட முடியுமோ அவ்வளவு போட்டேன். தோற்றேன். ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் வைத்து அந்தக் கத்தாத குட்டியைக் கொண்டுவந்தோம். புளியங்குடி தாண்டுவதற்குள் பையின் அடியில் ஓட்டை போட்டுவிட்டான்.

பெயர் வைக்க நான் யோசித்த பெயர்களை அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டுச் சிரித்தாள். அவள் கூப்பிட்டது "ஏலே" என்று. அதற்கும் அவன் வந்தபாடில்லை. கூப்பிட்டால் நின்று, திரும்பி, நம்மை ஏற இறங்கப் பார்த்து, தனக்கு வேலை இருப்பதை உறுதி செய்துகொண்டு போவான். மடியில் வைத்தால் நழுவி இறங்கிவிடுவான். அக்கா காலடியில் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. நாய் வந்தால் காலடியில் படுக்கும், அவள் தலையைத் தடவிக்கொண்டே டி.வி. பார்ப்பாள் என்றெல்லாம் நான் நினைத்துவைத்திருந்தேன். அவன் பின்கதவைப் பிறாண்டிக்கொண்டு நின்றான். திறந்துவிட்டால் மண்ணைத் தோண்டினான். பிச்சிக்கொடியை வேரோடு சாய்த்தான். மதிலுக்கு அடியில் பெருச்சாளி வளையில் பாதி உடம்பு வரை புகுந்துவிடுவான், பின்கால்கள் மட்டும் வெளியே உதைத்துக்கொண்டிருக்கும். அண்ணாச்சி ஒருமுறை தெருவில் பார்த்துவிட்டு, "இது நாயா டீச்சர், உடும்பா?" என்று கேட்டார்.

அக்காவின் போன்கள் குறையவில்லை. விஷயம்தான் மாறியது. "உன் நாயி என் செருப்பத் தின்னுட்டான்." "உன் நாயி பக்கத்து வீட்டுக் கோழிய மறிச்சு வச்சுக்கிட்டு விடமாட்டேங்கான்." பேச்சுக்கு நடுவே காக்கா சத்தமும் வேப்பமரக் காற்றும் கேட்கும். அது எதைக் காட்டுகிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சாயந்தரம் வந்து பார்த்தால் சோற்றுப்பானை காலியாக இருந்தது. அத்தனையையும் நாய்க்குப் போட்டுவிட்டு இவள் வெறும் வயிற்றோடு கிடக்கிறாள் என்று எனக்கு ஆத்திரம். கேட்டால், "ஆமா, திங்கான்" என்பாள், அவ்வளவுதான்.

தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது கால்நடை மருத்துவரிடம் என் மனக்குறையைக் கொட்டினேன். இளவயசுக்காரர். பொறுமையாகக் கேட்டார்.

"இது வளைக்குள்ள பூந்து மிருகத்தப் பிடிக்கதுக்குன்னே வெளிநாட்டுல உண்டாக்குன சாதி மேடம். காலு குட்டையா இருக்கதே அதுக்குத்தான். உள்ள போனா இருட்டு, எதுத்தாப்புல பல்லைக் காட்டிக்கிட்டு ஒரு மிருகம். எசமான் மேல நிக்கான். அங்கன அதுவாத்தான் முடிவு எடுக்கணும். அப்புறம் கூப்பிட்டா வருமா? ஆனாலும் இந்தச் சாதிலயே சாதுவான குட்டியும் உண்டு. நீங்க எப்படிப் பாத்து எடுத்தீங்க?"

சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கத்துனத வாங்கியிருந்தா மடியில படுத்திருக்கும். நக்குனது உங்க பின்னாலயே சுத்தும். நீங்க இருக்கதுலயே முரட்டுக் குட்டியாப் பாத்து எடுத்திருக்கீங்க. கிடைக்கு எடுக்க மாதிரி."

"பாத்தியா" என்றாள் அக்கா என்னைப் பார்த்து. "டாக்டரே சொல்லிட்டாரு, கிடைநாயின்னு." அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆடி பிறந்தது. தபசுக்குக் கொடி ஏறுவதற்கு முன் ஒரு நாள் அலுவலகத்துக்குப் போன் வந்தது. "நீ வா" என்றாள். பெர்மிஷன் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

அக்கா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். நாய் வேம்பில் கட்டிக் கிடந்தான். மூக்கு, நெற்றி, காது எல்லாம் புற்றுமண். மதில் ஓரத்துப் புற்றின் ஒரு பக்கம் அவன் தலை போகிற அளவுக்குக் குடைந்திருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கா பால் ஊற்றி மஞ்சள் வைக்கிற புற்று. கோயில் புற்றுமண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்ள எங்கெங்கிருந்தோ சனங்கள் வருகிற ஊரில், அதுவும் ஆடி மாதத்தில், எங்கள் வீட்டு நாய் புற்றை இடித்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் கண்ணைப் பார்த்ததும் அடங்கியது.

"அது குடியிருக்க இடத்தப் போயி இடிச்சிட்டாம்ட்டி." எங்கள் வீட்டில் பாம்பைப் பெயர் சொல்ல மாட்டோம், 'அது'தான். "அது வெளிய வந்து ஒரு போடு போட்டிருந்தா இவன் கெதி என்ன? நாக்குத் தள்ளிக் கெடந்திருப்பான். என்னால இன்னொரு சாவப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. இவன வாங்குன இடத்துலயே விட்டுட்டு வந்துரு. இல்லன்னா நான் மெட்ராசுக்குப் போறேன்."

அவள் சொன்னதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் என் காதில் விழுந்தது. அன்று முழுக்க அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் வாசுதேவநல்லூர் அம்மாவைப் போனில் பிடித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல செய்தியும் சொன்னார். கையை நக்கிய அந்தக் குட்டியை வாங்கிப்போனவர்களுக்கு வேலை மாறுதலாகி, நாயைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்களாம். "தங்கமான குட்டிம்மா. இறக்கிவிட்டா அழும், தூக்கி வச்சா தூங்கும். மாத்திக்கிட்டுப் போங்க" என்றார். நான் தேடியது அதுதானே. ஏதோ ஒரு கணக்கு நேராகிவிட்ட மாதிரி இருந்தது. அதற்கு அடுத்த நாள் அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, அக்காவிடம் முன்கூட்டிச் சொல்லாமல், புதுக் கட்டைப்பை ஒன்றை வாங்கிக்கொண்டு மதியம் வீட்டுக்கு வந்தேன். சொன்னால் நாயை ஏன் மாற்ற வேண்டும், நாயே வேண்டாம் என்பாள். கொண்டுவந்து கையில் கொடுத்துவிட வேண்டும் என்று திட்டம்.

மணியை அடித்தேன். யாரும் வரவில்லை. பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்னால் போனேன்.

பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. வந்த நாளிலிருந்து, நாயை வெளியே விடும் நேரம் தவிர, பகலில் தாழ்போட்டே இருக்கிற கதவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த கதவு. அது திறந்தே கிடப்பதற்கு வசதியாக அடியில் ஒரு கல் முட்டுக்கொடுத்திருந்தது. அந்தக் கல் மண்ணில் பாதி அழுந்தியிருந்தது, நேற்று இன்று வைத்த கல் இல்லை. மதில் ஓரத்தில் புற்றைச் சுற்றி வேலிக்கருவை முள்ளை வெட்டிப் போட்டு, கவைக்கம்பு கொடுத்து, நாய் தலை நுழையாதபடி இறுக்கி அடைப்புக் கட்டியிருந்தாள். கிடைக்குப் போடுகிற அதே முள்அடைப்பு. எங்கள் வீட்டில் வேலிக்கருவை கிடையாது. வாய்க்கால் கரைக்குப் போய் அவளே வெட்டி இழுத்து வந்திருக்க வேண்டும்.

வேம்பின் நிழலில், துவைக்கிற கல்லில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. எதிரே அலுமினியக் கிண்ணம். கிண்ணத்தில் சோறு இருந்தது, அவன் அதைத் தொடாமல் நின்றான். அக்கா ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டு, மென்று விழுங்கி, வாயைத் திறந்து அவனுக்குக் காட்டினாள்.

"பாத்தியாலே? தின்னுட்டேம்லா? வெசமா வச்சிருக்கேன்? தின்னு."

அவன் குனிந்து தின்றான். கொஞ்சம் தின்றுவிட்டு நிறுத்தி, தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவள் அடுத்த கவளத்தை எடுத்தாள். அவன் குனிந்தான். அத்தானைத் திட்டுகிற அதே குரலில் அவனைத் திட்டிக்கொண்டே, தட்டு நிறைய இருந்த சோற்றை அவள் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றுகொண்டிருந்தாள். ரவிக்கை கையை இறுக்கிப் பிடித்திருந்தது. தினமும் பார்க்கிற கையை நான் அன்றுதான் பார்த்தேன்.

என்னைக் கண்டதும் அவள் திடுக்கிடவில்லை. "என்னட்டி, ஆபீசு லீவா? எங்க பையத் தூக்கிட்டுக் கிளம்பிட்ட?"

"வாசுதேவநல்லூருக்கு. இவன விட்டுட்டு வர."

"யாரு விடச் சொன்னா?"

"நீதான். முந்தாநாளு."

"நான் கோவத்துல ஆயிரம் சொல்லுவேன். உடனே பையத் தூக்கிட்டு வந்துருவியோ?"

"இல்லக்கா. அன்னைக்கு உன் கைய நக்குச்சே, அந்தக் குட்டி அங்கன வந்திருக்காம். மடியில இருக்கும், சொன்ன பேச்சு கேக்கும். இவனக் குடுத்துட்டு அத எடுத்துக்கிடலாம்."

அக்கா கையை மடக்கிக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

"அது எங்கன கெடந்தாலும் யாரையாவது நக்கிப் பொழச்சுக்கிடும்" என்றாள். "இவன் அப்படியில்ல. எதுத்தாப்புல ஆளு உக்காந்து திங்காட்டா பச்சத்தண்ணி கூடத் தொட மாட்டான். வந்த நாள்லருந்தே அப்படித்தான். அங்கன யாரு இவன் கூட உக்காந்து திங்கப்போறா? இவன் ஒத்தைல திங்க மாட்டாம்ட்டி."

நான் பையை மடித்தேன்.

"அப்ப தபசு முடிஞ்சு உன் மகன் வாரேன்னு சொல்லியிருக்கானே?"

"வரட்டும். வந்து சாமியக் கும்புட்டுட்டுப் போட்டும். நான் போயிட்டா இவன் பட்டினியால்லா கெடப்பான்." எழுந்து உள்ளே போய் எனக்கு ஒரு தட்டில் சோறும் புளிக்குழம்பும் கொண்டுவந்தாள். "நின்னுக்கிட்டே இருக்க, உக்காரு."

படியில் உட்கார்ந்தேன். நாய் தின்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான். வேப்பமரத்தடி மதியச் சாப்பாட்டில் நான் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வாசுதேவநல்லூர் முற்றத்தில் அந்தரத்தில் தொங்கியபடி அக்காவைப் பார்த்தானே, அதே பார்வை.

"புது ஆளுன்னு பாக்குதான்" என்றாள் அக்கா. "நீயும் தின்னு காட்டு. இல்லன்னா தொட மாட்டான்."

நான் ஒரு கவளத்தை எடுத்து வாயில் போட்டு, மென்று விழுங்கி, வாயைத் திறந்து அவனுக்குக் காட்டினேன்.